நீலக் கோடு ஒரு விரற்கடை மேலே

ஒப்பீட்டுத் துறைக்கு அரசாங்கம் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். நம் நாடும் பக்கத்து நாடும் வெளிநாடுகளிலிருந்து வருஷா வருஷம் எவ்வளவு ஆயுதம் இறக்குமதி செய்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்து, நாம்தான் அதிகம் என்று அறிவிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரும் அறிவிக்க நூற்றுப் பதினாறு பேரும் அங்கே வேலை பார்த்தார்கள்.

அந்த ஒருவரைக் கோட்டுக்காரர் என்று கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் பெரிய கூடத்தின் வடக்குச் சுவரில் ஏணி வைத்து ஏறி இரண்டு கோடுகளை நீட்டிக்கொண்டு வந்தார். நீலம் நம்முடையது, சிவப்பு அவர்களுடையது. ஒரு டன் ஆயுதத்துக்கு ஒரு விரற்கடை உயரம் என்பது கணக்கு. கோடுகள் கூரையைத் தொட்ட வருஷம் கூரையை இடித்து மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். மேல்மாடியில் அதுவரை தடுப்பூசி அலுவலகம் இருந்தது. அது பிறகு எங்கே போனது என்று யாரும் விசாரிக்கவில்லை.

நீலக் கோடு எப்போதும் சிவப்புக்கு ஒரு விரற்கடையாவது மேலே இருக்க வேண்டும். சமமாக இருந்தால் கேவலம். கீழே போனால் என்ன ஆகும் என்று விதிப் புத்தகத்தில் இல்லை, ஏனென்றால் அது நடக்காது என்று முன்னுரையிலேயே எழுதியிருந்தது.

பக்கத்து நாடு என்ன வாங்குகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவர்கள் சொல்வதில்லை. இந்தச் சின்னத் தடங்கலைத் துறையின் முதல் இயக்குநர் இரண்டே விதிகளில் தீர்த்துவைத்துவிட்டுப் போனார். முதல் விதி: நாம் ஒன்றைச் செய்தால் அவர்களும் அதைச் செய்திருப்பார்கள். இரண்டாம் விதி: செய்தாலும் நம் அளவுக்குச் செய்திருக்க மாட்டார்கள். சிவப்புக் கோடு முழுவதும் இந்த இரண்டு விதிகளின் மேல்தான் அறுபது வருஷமாக ஏறிக்கொண்டிருந்தது.

கோட்டுக்காரருக்கு இதில் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. கை நடுங்காமல் கோடு போடுவது அவர் வேலை. கோடு எங்கே போகிறது என்று யோசிப்பது மேலிடத்தின் வேலை. பிரச்சினை வேறொரு இடத்தில், அவர் வீட்டுத் தையல் மெஷினில் தொடங்கியது.

அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். கண்ணை மூடிக்கொண்டே ஊசியில் நூல் கோப்பாள் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வருஷம் கண்ணைத் திறந்துகொண்டும் கோக்க முடியவில்லை. தலைவலி வேறு. ஒரு நாள் காலர் வைக்க வேண்டிய இடத்தில் பாக்கெட்டை வைத்துத் தைத்துவிட்டாள். இன்னொரு நாள் கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டு, "இந்தக் கதவ யாருங்க நகத்தி வெச்சது?" என்று கேட்டாள். கோட்டுக்காரர் அன்றே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் ஓரம் தெரியல. தலைக்குள்ள ஏதோ கண் நரம்ப அழுத்துற மாதிரி இருக்கு. ஸ்கேன் எடுத்தே ஆகணும்."

"எடுத்துடலாம் டாக்டர்."

"எங்கே எடுப்பீங்க? நம்ம மெஷின் செத்து எட்டு மாசம் ஆச்சு. புதுசு ஒண்ணு வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வருது. வந்த உடனே போட்டுடுவேன். ஆனா இந்த மாசத்துக்குள்ள பார்த்தாகணும். தள்ளிப் போச்சுன்னா போன பார்வை திரும்பாது. புரியுதா?"

புரிந்தது. காத்திருப்போர் வரிசையில் அவளுக்கு நாற்பத்தோராம் எண் கிடைத்தது. அன்று முதல் கோட்டுக்காரர் தினமும் காலையில் செய்தித்தாளைத் திருப்பி, கப்பல்கள் வரும் பக்கத்தை முதலில் படித்தார்.

கப்பல் வந்த வாரமே இயக்குநர் அவரைக் கூப்பிட்டார். இயக்குநர் உருண்டையான மனிதர். உட்கார்ந்திருக்கும்போதும் யாரோ தன்னைப் படம் எடுப்பது போலவே இருப்பார்.

"கோடு திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு. நிலவரம் என்ன?"

"சமமா இருக்கு சார். ஒரு டன் கூடப் போகல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வருஷம் ஏன் இவ்வளவு கம்மியா வாங்கினோம்?"

"ராணுவத்துல வைக்க இடம் இல்லன்னு சொல்லிட்டாங்க சார்."

"சுயநலம் பிடிச்சவங்க. சரி, ஆயுதம்னா என்ன? எதிரிக்குத் தீங்கு செய்யக்கூடிய எந்தப் பொருளும் ஆயுதம். விதிப் புத்தகம் சொல்லுது. சுங்கப் பட்டியலக் கொண்டாங்க."

அப்படித்தான் அந்தப் பத்து நாட்கள் தொடங்கின. முதல் நாள் சமையல் கத்திகளைச் சேர்த்தார்கள். நீலம் இரண்டு டன் ஏறியது. ஆனால் முதல் விதிப்படி அவர்களும் கத்தியைச் சேர்த்திருப்பார்கள் என்பதால் சிவப்பும் அதே அளவு ஏறியது; கத்தியில் குறைத்துக் காட்ட ஒரு காரணமும் கிடைக்காததால் இரண்டாம் விதி உதவவில்லை. இரண்டாம் நாள் பள்ளிக்கூடக் காம்பஸ் பெட்டிகள், முனை கூர்மையாக இருப்பதால். சிவப்பும் ஏறியது. தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சுவதால் சேர்ந்தது. மிளகாய்ப்பொடியைச் சேர்த்த நாள் இரண்டு கோடுகளும் ஜோடியாக இன்னொரு கூரையை நெருங்கின. கோட்டுக்காரர் ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் வீங்கிப்போனார். நாற்பது டன் சேர்த்த பிறகும் கோடுகள் சமமாகவே நின்றன. அவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று இயக்குநர் பல்லைக் கடித்தார்.

ஒன்பதாம் நாள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இயக்குநரின் விரல் நின்றது. "ஸ்கேன் மெஷின், ஒண்ணு. ஏழு டன். இது என்ன?"

கோட்டுக்காரர் பட்டியலை எட்டிப் பார்த்தார். "அது ஆஸ்பத்திரிக்குங்க சார். நோயாளிகளப் படுக்க வெச்சுப் படம் எடுக்குறது."

"அதப் பத்தி ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்க."

கோட்டுக்காரர் உட்கார்ந்து எழுதினார். அந்த மெஷினை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று பயமுறுத்தத்தான் எழுதினார். துறைமுகத்திலிருந்து விளக்கப் புத்தகத்தை வரவழைத்து, எச்சரிக்கைப் பக்கத்தை ஒரு வரி விடாமல் பெயர்த்து எழுதினார். இதற்குள் பெரிய காந்தம் இருக்கிறது. இரும்பாலான எதையும் அருகில் கொண்டுபோகக் கூடாது. கத்தரிக்கோல், சாவி, ஆக்சிஜன் சிலிண்டர், துப்பாக்கி என எது இருந்தாலும் கையிலிருந்து பிடுங்கி இழுத்துக்கொள்ளும். ஆகையால் மிகுந்த கவனத்துடன் கையாளப்பட வேண்டும். கடைசி வரிக்கு அடிக்கோடும் போட்டார்.

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். எழுந்து வந்து கோட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எதிரியோட துப்பாக்கியக் கையிலேருந்து பிடுங்குமா! இத ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தாங்களே, பாவிங்க!"

"சார், முதல் விதிப்படி அவங்ககிட்டயும் ஒண்ணு இருக்குமே. மறுபடியும் சமமாத்தான் வரும்." கோட்டுக்காரர் கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்.

"இருக்கும். ஆனா பழைய மாடலா இருக்கும். ஆறு டன்தான் தேறும்."

இப்படியாக நீலக் கோடு ஒரு விரற்கடை மேலே போனது.

விழாவுக்கு அமைச்சர் வந்தார். பேண்டு வாத்தியம் முழங்கக் கயிற்றை இழுத்தார். வெல்வெட் திரை விலகியது. நூற்றுப் பதினாறு பேரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். கோடுகளின் நுனி இரண்டு மாடிக்கு மேலே இருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதனால் கைதட்டலில் குறை வைக்கவில்லை.

"நாம் யாரையும் நம்பி வாழும் நாடு அல்ல!" என்று அமைச்சர் முழங்கினார். "அதற்குச் சாட்சி இந்தச் சுவர்! உலகில் எந்த நாட்டையும் விட அதிகமான ஆயுதங்களை மற்ற நாடுகளிடமிருந்து நாம்தான் வாங்குகிறோம்! நாளைக்கே அவர்கள் விற்க மறுத்தாலும் கவலையில்லை. நாம் கெஞ்சிக் கேட்டு வாங்கிவிடுவோம். அந்தத் தன்னம்பிக்கை நம்மிடம் இருக்கிறது! சென்ற வருஷம் வாங்கிய பீரங்கிகளை நாம் இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நாம் எவ்வளவு அமைதியை விரும்புகிறவர்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?"

அன்று சாயங்காலம் மெஷின் ராணுவக் கிடங்குக்குப் போனது. ஆயுதம் என்றால் தயார் நிலையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே வெளிநாட்டுப் பொறியாளர்களை வைத்து, மின்சாரமும் குளிரூட்டியும் கொடுத்து, ஆஸ்பத்திரியில் பொருத்துவது போலவே பொருத்தி, கதவைப் பூட்டி, இருபத்துநாலு மணி நேரக் காவல் போட்டார்கள்.

கோட்டுக்காரர் அதை வீட்டில் எப்படிச் சொன்னார் என்பதை விவரிக்காமல் விடுகிறேன். மனைவி தையல் மெஷினை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தக் குறிப்ப நீங்கதான் எழுதினீங்களா?"

"காப்பாத்தலாம்னுதான் எழுதினேன்."

"எழுத்து நல்லா அழகா இருந்திருக்கும்," என்றாள்.

மறுநாள் கோட்டுக்காரர் இயக்குநர் முன்னால் போய் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூப்பிடாமல் போனார். மனைவியின் நிலையைச் சொன்னார். டாக்டரம்மா சொன்ன கெடுவைச் சொன்னார்.

இயக்குநர் மனம் இளகித்தான் கேட்டார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. எனக்கும் குடும்பம் இருக்கு, அவங்களுக்குத் தலைவலி வந்தா வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், எவ்வளவு அலைச்சல் தெரியுமா? ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்க மனைவி ஒருத்தர். கோடு எல்லாருக்கும் பொது. அந்த ஏழு டன்ன எடுத்துட்டா, கீழே போயிடுவோம். அப்புறம் உங்க மனைவி கண்ணு நல்லாகி எதப் பார்க்கப் போறாங்க? நம்ம நாடு கீழே இருக்குறதையா?"

மெஷினைப் பொருத்தி முடித்ததும் கோட்டுக்காரர் கிடங்குக்கு நடந்தார். அங்கே பொறுப்பில் இருந்த மேஜர், மெஷின் வந்த நாளிலிருந்து நொந்துபோயிருந்தார். அதைப் பார்வையிட உள்ளே போன முதல் நாளே அவருடைய பதக்கங்களில் நான்கு சட்டைத் துணியோடு பிய்ந்து போய் மெஷினில் ஒட்டிக்கொண்டன. காவலாளிகளின் துப்பாக்கிகளும் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. இப்போது காவலாளிகள் அறுபது அடி தள்ளி மூங்கில் கழியோடு நின்றார்கள்.

"நான் பார்த்ததுலயே பயங்கரமான ஆயுதம் இதுதான்," என்றார் மேஜர் மரியாதையாக. "என்ன வேணும் உங்களுக்கு?"

சொன்னார்.

"நோயாளின்னு யாரையும் உள்ள விட முடியாது. அப்படி ஒரு படிவம் இங்கே கிடையாது." மேஜர் இழுப்பறையைக் குடைந்தார். "ஆயுதப் பரிசோதனைன்னு ஒரு படிவம் இருக்கு. புது ஆயுதத்த ஒரு தடவ சுட்டுப் பார்க்கணும். இத எப்படிச் சுடுறதுன்னு இங்கே யாருக்கும் தெரியல. உங்க டாக்டருக்குத் தெரியும்னா இயக்குறவர்னு போட்டுக்கலாம். இலக்குன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அங்கேதான் ஏதாவது எழுதணும்."

கோட்டுக்காரர் பேனாவை எடுத்தார். இலக்கின் வகை: பெண். எண்ணிக்கை: ஒன்று. இலக்கின் மதிப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது. மேஜர் எட்டிப் பார்த்து, "கோடு போட்டு விட்டுடுங்க," என்றார். அனுமதி வருவதற்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று; அதற்குள் மெஷினில் ஒட்டியிருந்த துப்பாக்கிகளையும் பதக்கங்களையும் பொறியாளர்கள் கழற்றியிருந்தார்கள்.

பரிசோதனை நாளன்று மேஜர் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு தொலைநோக்கியால் பார்த்தார். ஒலிபெருக்கியில் பத்திலிருந்து கீழே எண்ணினார். டாக்டரம்மா தலைக்கவசம் போட மறுத்துவிட்டார். மனைவி கம்மல், மோதிரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள்.

"தலைய ஆட்டாம படுங்க. சத்தம் கேட்கும், பயப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா.

"நான் இலக்குதானே டாக்டர்? பயப்படணும்னு படிவத்துல இருந்தா பயப்படுறேன்."

அரை மணி நேரம் மெஷின் தடதடத்தது. பிறகு அவள் எழுந்து வந்தாள். மேஜர் அறிக்கையை அங்கேயே எழுதினார்: ஆயுதம் முப்பது நிமிடம் தொடர்ந்து இயக்கப்பட்டது. இலக்கு எழுந்து நடந்து வந்தது. தண்ணீர் கேட்டது.

டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டுக் கோட்டுக்காரரைத் தனியாக அழைத்தார். "மூளைக்குக் கீழே கட்டி, சுண்டைக்காய் அளவுதான். எடுத்துடலாம். ஆனா படம் கையில இல்லாம எந்த சர்ஜனும் கத்திய எடுக்க மாட்டார்."

படம் எங்கே? மேஜர் அதை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். ஆயுதப் பரிசோதனையில் கிடைக்கும் எந்தப் படமும் ராணுவ ரகசியம்.

"அது என் தலைங்க," என்றாள் மனைவி.

"நீங்களே பார்த்திருக்க மாட்டீங்கல்லம்மா," என்றார் மேஜர். "அதான் ரகசியம்."

அறிக்கை மேலே போனது. போன வேகத்தில் துறையில் இடி விழுந்தது. அவசரக் குழு கூடியது. இயக்குநர் நடுவில், ஆறு உறுப்பினர்கள் சுற்றிலும், குறிப்பு எழுதக் கோட்டுக்காரர் மூலையில். முதல் கூட்டம் ஒருவர் இல்லாததால் தள்ளிப்போனது. இரண்டாவது எல்லோரும் இருந்ததால், நாற்காலி போதாமல் தள்ளிப்போனது. மூன்றாவது கூட்டத்துக்குள் பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. வீட்டில் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"இலக்கு சாகலன்னா அது ஆயுதமே இல்ல," என்றார் ஓர் உறுப்பினர். "ஏழு டன் போச்சு. அவங்கள விடக் கீழே போயிடுவோம்."

"ஆயுதம்தான்னு வெச்சுக்கணும்னா, இலக்கு செத்திருக்கணும்," என்றார் இன்னொருவர். "அறிக்கையத் திருத்தி, இலக்கு அழிக்கப்பட்டதுன்னு போட்டுடலாம். யாருக்கு நஷ்டம்?"

நல்ல யோசனை என்று நாலைந்து தலைகள் ஆடின. இயக்குநர் மூலையைப் பார்த்துச் சொன்னார், "எழுதிக்கோங்க."

கோட்டுக்காரர் எழுதவில்லை. எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருஷம் யோசிக்காமல் மிச்சம் பிடித்து வைத்திருந்த மூளை முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"சார், முதல் விதிய மறந்துட்டோம். நாம பரிசோதன பண்ணினா அவங்களும் பண்ணியிருப்பாங்க. நம்மது தோத்தா அவங்களதும் தோத்திருக்கும்."

தலைகள் மூலைப் பக்கம் திரும்பின.

"அவங்களுக்கு ஆறு டன்தானே போகும்?" என்றார் இயக்குநர். "நமக்கு ஏழு போகுதே."

"ரெண்டாம் விதி சார். அவங்களது பழைய மாடல். புது மாடலே இப்படித் தோத்தா, பழைய மாடல் சும்மாவா தோத்திருக்கும்? காந்தம் வேற. பக்கத்துல இருந்த ரெண்டு டன் ஆயுதத்தையும் இழுத்து நொறுக்கிட்டுத்தான் தோத்திருக்கும். மொத்தம் எட்டு."

இயக்குநர் விரல்விட்டு எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். அவர் முகத்தில் விடிந்தது.

"நமக்கு ஏழு இறங்குது. அவங்களுக்கு எட்டு இறங்குது. அப்ப இப்ப நாம ரெண்டு விரற்கடை மேலே!"

அறையே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு குண்டு போடாமல் எதிரியின் எட்டு டன்னை அழித்த வெற்றி என்று தீர்மானம் நிறைவேறியது. மெஷின் ஆயுதப் பட்டியலிலிருந்து நீங்கியது. அதனால் படமும் ரகசியம் என்ற பெருமையை இழந்து, உறை கிழிந்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. கோட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது. நாலாம் நாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்து, விளக்கடித்து, எழுத்துப் பலகையைக் காட்டி, வெகு நேரம் பார்த்தார். பிறகு வராந்தாவுக்கு வந்தார்.

"இடது கண்ணு தப்பிச்சுது. வலது கண்ணு வராது. நரம்பு செத்துப் போச்சு. ஒரு மாசம் முன்னாடி எடுத்திருந்தா ரெண்டும் இருந்திருக்கும்."

கோட்டுக்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அழகான கையெழுத்தில் தான் எழுதிய அந்தக் குறிப்பின் வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

மறுநாள் இயக்குநர் வார்டுக்கு வந்தார். பின்னால் ஒரு புகைப்படக்காரர், ஒரு பூங்கொத்து. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, படம் எடுக்கும் வரை சோகமாக இருந்தார். பிறகு உற்சாகமானார்.

"அம்மா, நாடே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு. உங்களுக்குப் போனது ஒரு கண்ணு. அவங்களுக்குப் போனது எட்டு டன். எப்படிப் பார்த்தாலும் நாமதான் மேலே."

மனைவி தலையணையில் சாய்ந்தபடி அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள். நேராகப் பார்ப்பதற்கு இப்போது கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டியிருந்தது.

"உங்க விதிப்படி, இங்கே நடந்தா அங்கேயும் நடந்திருக்கும், இல்லீங்களா சார்?"

"நிச்சயமா!"

"அப்ப அங்கேயும் ஒருத்திக்குக் கண்ணு போயிருக்கும்."

இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். இந்தக் கோணம் அவருக்குத் தோன்றவே இல்லை. முகம் மலர்ந்துபோயிற்று. "அடடா! போயிருக்கும்மா. ஒண்ணு என்ன ஒண்ணு? ரெண்டாம் விதி இருக்கே. அங்கே ஆஸ்பத்திரியும் மட்டம், டாக்டரும் மட்டம். அவளுக்கு ரெண்டுமே போயிருக்கும்!" கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இதுக்குத் தனியா ஒரு சுவர் பார்க்கணும். குறிச்சுக்கோங்க."

மனைவி இயக்குநரைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"பாவங்க அவ," என்றாள். "அவ வீட்டுக்காரரும் கோடு போடுறவராத்தான் இருப்பாரு."

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். "இருப்பார்! கட்டாயம் இருப்பார்! ஆனா இவர் அளவுக்குத் திறமை இருக்காது," என்று கோட்டுக்காரரின் தோளில் தட்டினார். "அதையும் குறிச்சுக்கோங்க."

கோட்டுக்காரர் குறித்துக்கொள்ளவில்லை. தலை குனிந்தபடி கட்டிலின் வலது பக்கமிருந்து எழுந்து, அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, இடது பக்கம் போய் நின்றார்.